கடைசிப் பாட்டுக்குப் பின்னால் ஒரு சத்தம்

எங்கள் ஆல்பம் வெளியான அன்றைக்கு மேடையில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பொன்னாடை யாருக்குப் போர்த்துவார்கள் என்று நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ரிட்டையர் ஆகிறவருக்கு, நன்கொடை கொடுத்தவருக்கு, வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிற பெரியமனுசருக்கு. பாடுகிறவளுக்கு மைக்கைத்தான் கொடுப்பார்கள். எங்கள் குழுவின் பாடகி நான். ஜரிகைத் துண்டை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்து, நான் பாட வேண்டிய பாட்டுகளையெல்லாம் வேறொரு பெண் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அழுகை வரும் என்று கைக்குட்டை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். வரவில்லை. ஹாலில் ஏசி ஜாஸ்தி என்று மட்டும் தோன்றியது.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். குழு என்றால் நாங்கள் மூன்று பேர். கிடார் வாசிக்கிறவர் கணபதி ஏரியாவில் அவர் அப்பாவின் லேத் பட்டறையைப் பார்த்துக்கொள்கிறார். மெட்டுப் போடுவதும் அவர்தான். கீபோர்டு அக்காவுக்கு ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் லேபில் வேலை. ரெக்கார்டிங், மிக்சிங் எல்லாம் அவர் பொறுப்பு. நான் ஒரு பம்புசெட் கம்பெனியில் கஸ்டமர் கேர். "மோட்டார் ஓடுதுங்க, தண்ணிதான் வர்லீங்க" என்கிறவர்களுக்கு நாள் பூராவும் பதில் சொல்லிவிட்டுச் சாயங்காலம் போய்ப் பாடுவேன். அந்தியூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், மோட்டார் சரியான பிறகும் கூப்பிட்டு, சும்மாதானுங்க, குரலைக் கேட்கலாம் என்றுதான் என்றார். எனக்குக் கெட்ட எரிச்சல். சூப்பர்வைசரிடம் சொல்லி அந்த நம்பரை பிளாக் பண்ண வைத்தேன். இன்றைக்கு யோசித்தால், பாவம், அவர் என்ன தப்பாகச் சொல்லிவிட்டார்?

பட்டறைக்கு மேலே இருந்த ஓர் அறைதான் எங்கள் ஸ்டுடியோ. அக்காவின் சித்தப்பா மில்லில் கழிவுப் பஞ்சு வாங்கி மெத்தை தைத்துச் சுவர் முழுக்க அடித்திருந்தோம். மழை பெய்தால் ஈர நாய் மாதிரி நாறும். கீழே லேத் ஓடினால் மேலே தரை அதிரும். அதனால் ஒழுங்கான ரெக்கார்டிங் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான். மற்ற நாட்களில் கைடு மட்டும் எடுப்போம். கைடு என்றால், மற்றவர்கள் கேட்டு வாசிப்பதற்காகப் பாடகி சும்மா பாடிவைக்கிறது. அதில் லேத் சத்தம் இருக்கும், இருமல் இருக்கும், வரி எழுதாத இடத்தில் லாலாலா இருக்கும். யாருக்கும் போட்டுக்காட்டுகிற சமாச்சாரம் இல்லை. வாத்தியம் எல்லாம் முடிந்த பிறகு, கடைசியாக நான் போய் நிஜக் குரலைப் பாடிக்கொடுப்பேன்.

பாடி முடித்தால் எனக்கு நிறுத்த மனசு வராது. "இன்னொருக்கா பாடட்டுங்களா?" என்று கேட்பேன். கிடார்க்காரர், அம்மணிக்கு ஒருக்காப் பாடினாப் பத்தாது, ஊட்டுக்கு அனுப்பணும்னா மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணோணும் என்று கேலி செய்வார்.

பாட்டெல்லாம் எங்கள் ஊர் விசயம்தான். தண்ணி வராத நாளில் குடத்தை வைத்துக்கொண்டு நிற்கிற பாட்டு, கல்யாண மண்டபத்தில் செருப்பைத் தொலைத்த பாட்டு, இப்படி. கடைசிப் பாட்டில் பெரிய விசயம் ஒன்றும் கிடையாது. ஒரு பெண் ஊருக்குக் கிளம்புகிறாள், வீட்டிலிருக்கும் ஒவ்வொருத்தரிடமும் போயிட்டு வாரேனுங்க என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள், கிளம்பியபாடில்லை. எனக்கு உசிரு அந்தப் பாட்டு.

சென்னையிலிருந்து ஒரு மியூசிக் கம்பெனிக்காரர் இரண்டு பாட்டைக் கேட்டுவிட்டு வீடியோ காலில் வந்தார். குரல் அருமை என்றார். ஆனால் இந்த இழுத்து இழுத்துப் பேசுகிற பேச்சைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் எல்லா ஊருக்கும் போகும் என்றார். பாட்டெல்லாம் இனிக் கம்பெனிக்குத்தான் சொந்தம் என்றும் நடுவில் ஒரு வார்த்தை போட்டார். நாங்கள் மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். பாத்துட்டுச் சொல்றோங்க சார் என்றோம். மனுசர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மறுநாளே ஒப்பந்தத்தை அனுப்பிவிட்டார். எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மாப்பிள்ளை பிடிக்கவில்லை என்றாலும் சோசியரைக் கேட்டுச் சொல்கிறோம் என்றுதானே இங்கே சொல்வார்கள்? முகத்துக்கு நேராக இல்லை என்று எந்த வாய் சொல்லும்? கம்பெனியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், நாமே போட்டுவிடலாம் என்று அன்றைக்கு முடிவு செய்தோம்.

அந்த நேரத்தில்தான் என் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. தைராய்டு என்றார்கள். கைடு எல்லாம் பாடி முடித்திருந்தேன், நிஜக் குரல்தான் பாக்கி. ஆபரேசனுக்கு முன்னால் பாடிவிடலாம் என்றால் ஆஸ்பத்திரியில் தேதி முன்னாடி வந்துவிட்டது. தொண்டை நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, ஆயிரத்தில் ஒருத்தருக்குக் குரல் பாதிக்கலாம் என்கிற மாதிரி டாக்டர் பொறுமையாகச் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார். அவர் மேல் ஒரு குற்றமும் சொல்ல மாட்டேன். யாரோ ஒருத்தருக்கு ஆகும் என்றால் அந்த யாரோ நாமாக இருப்போம் என்று யார் நினைக்கிறோம்?

கண் விழித்து அம்மாவைக் கூப்பிட்டேன். காற்றுத்தான் வந்தது. அம்மா என் வாயைப் பொத்தி, "பேசாத கண்ணு, ஒண்ணும் பேசாத" என்றார். கொஞ்ச நாள் போனால் வந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். கொஞ்ச நாள் போனது. ஒரு பக்கத்துக் குரல்நாண் அசையவே இல்லை என்று கேமரா விட்டுப் பார்த்துச் சொன்னார். பேச முடியும், பாட முடியாது. வந்த குரல், ஓட்டை விழுந்த சைக்கிள் டியூபில் காற்று அடிக்கிற மாதிரி இருந்தது. தழும்புக்கு மேலே தோல் மரத்துக் கிடந்தது. விரலை வைத்தால் வேறு யாரோ கழுத்தைத் தொடுகிற மாதிரி இருக்கும். உள்ளேயும் அப்படித்தான். ஐயோ போச்சே என்று கதறுவேன் என்று வீட்டில் பயந்தார்கள். நான் இட்லியைப் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டு டிவி பார்த்தேன்.

பம்புசெட் கம்பெனியில் என்னை ஃபோனிலிருந்து எடுத்து டெஸ்பேட்ச்சில் போட்டார்கள். பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டுவதைப் பார்க்கிற வேலை. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் நான் குசுகுசு என்று பேசினால் தாங்களும் குசுகுசு என்றே பதில் சொன்னார்கள். எனக்குக் குரல்தான் போச்சு, காது நன்றாகத்தான் கேட்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கும் குசுகுசு என்று செரிங்க என்றார்கள். எரிச்சல் மட்டும் எனக்கு மரத்துப்போகவே இல்லை.

ஒரு நாள் சாயங்காலம் கிடார்க்காரரும் அக்காவும் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். எதற்கு வந்தார்கள் என்று உள்ளே நுழையும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆல்பத்தை என்ன செய்வது? எனக்கும் கேள்வி அது ஒன்றுதான். என் குரல் அதில் இருக்குமா, இருக்காதா. கைடில் இருப்பதுதான் இனி இந்த உலகத்தில் என் குரல். லேத் சத்தத்தோடு, இருமலோடு, லாலாலாவோடு கிடக்கிற அதையே போடுங்கள் என்று கேட்க வேண்டும். வாயைத் திறந்து கேட்டால் போதும்.

மழையைப் பற்றிப் பேசினோம். மேம்பாலம் கட்டுகிற வேலையால் ரோட்டில் எத்தனை பள்ளம் என்று பேசினோம். அம்மா கொண்டுவந்த காபியில் டிகாக்சன் அருமை என்றார் கிடார்க்காரர். கடைசியில் அக்கா டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "மியூசிக் எல்லாம் முடிஞ்சு அப்படியே கெடக்குது கண்ணு" என்றார். அவசரமில்லீங்க, அவசரமில்லீங்க என்று கிடார்க்காரர் பதறினார். நான் அவரைப் பார்த்தேன். நீங்க இல்லாம எப்படிங்க என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் ஆப்பிள் பையின் முடிச்சைச் சரி பண்ணிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படிப் பண்ணுங்க," என்றேன்.

நம் வீட்டுக்கு வந்தவர் சாப்பிட்டாச்சுங்க, வேண்டாங்க என்பார். அதற்காக விட்டுவிடுவோமா? இன்னொரு தரம் கேட்போம், மறுபடியும் கேட்போம், கையைப் பிடித்து உட்காரவைத்து இலையைப் போடுவோம். அவரும் வயிறாரச் சாப்பிட்டுத்தான் போவார். பிறந்ததிலிருந்து பழகின வழக்கம் இது. அதே மாதிரி என்னையும் மறுபடி கேட்பார்கள் என்று நினைத்தேன். நிஜமாத்தான் சொல்றீங்களா, மனசுல என்ன இருக்குது என்று. அவர்கள் ஒரு தரத்தோடு நிறுத்திவிட்டார்கள். அழுத்திக் கேட்டால் நான் நொந்துபோவேன் என்று நினைத்தார்களாம். உடம்பைப் பாத்துக்கங்க என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். ஹார்லிக்ஸ் பாட்டில் இன்னமும் திறக்காமல் அலமாரியில் இருக்கிறது.

கொஞ்ச நாளில், ஒரு பெண் பாட வந்திருக்கிறாள் என்று அக்காவிடமிருந்து மெசேஜ் வந்தது. நல்ல பெண் கண்ணு, உன் மாதிரியே பாடறா என்று இருந்தது. நான் ஒரு கும்பிடும் ஒரு பூவும் அனுப்பினேன். அப்படியே போய்ப் பாத்திரம் தேய்த்தேன். கோபம் வந்திருக்க வேண்டும். மெட்டு மாறி வந்தாலே கத்துகிறவள் நான். ஒன்றும் வரவில்லை. தண்ணீர் கையில் பட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது, அவ்வளவுதான்.

வெளியீட்டு விழாவுக்கு ஒரு காலேஜில் சின்ன ஹால் கொடுத்தார்கள். அங்கேதான் அந்தப் பெண்ணை முதல்தடவை பார்த்தேன். ஊர் கோபிப் பக்கம், கோயில் விசேசங்களில் ஆர்கெஸ்ட்ராவில் பாடுகிறவள். வந்ததும் குனிந்து என் காலைத் தொடப் பார்த்தாள். பிடித்து நிறுத்தினேன். "அக்கா, உங்க கைடைக் கேட்டுத்தானுங்க கத்துக்கிட்டேன்," என்றாள், அவளும் குசுகுசுவென்று. ஸ்டுடியோவில் இருந்த பழைய ஹெட்போனில் பஞ்சு பிய்ந்து தொங்குமாம். அதில் என் குரலைச் சத்தமாக வைத்துக்கொண்டு, கூடவே சேர்ந்துதான் எல்லாப் பாட்டையும் பாடினாளாம். எங்கே மூச்சு விடுகிறீர்களோ அங்கேதான் நானும் விட்டேன் என்றாள். இவளை வெறுத்துத் தொலையலாம் என்று வந்திருந்தேன். அதற்கும் வழியில்லாமல் போய்விட்டது. நல்லாப் பாடு சாமி என்று சொல்லி அனுப்பினேன்.

அப்புறம்தான் பொன்னாடை. எங்கள் சகோதரி என்றார் ஒருத்தர். கைதட்டினார்கள். பாட்டுக் கேட்கிற ஆப்களில் ஆல்பம் ஏறியது. பாடியவர் என்ற இடத்தில் அவள் பெயர். கீழே நன்றி என்று போட்டு, மில்லுக்காரச் சித்தப்பாவுக்கும் ஹால் கொடுத்தவர்களுக்கும் நடுவில் என் பெயர். ஆபீஸில் நாலு பேர் கேட்டுவிட்டு நல்லாருக்குதுங்க என்றார்கள். நான் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று வைராக்கியமெல்லாம் கிடையாது. அதற்கென்று போனை எடுப்பேன், எடுத்துத் தக்காளி விலை பார்த்துவிட்டு வைத்துவிடுவேன்.

சொந்தத்தில் ஒரு நிச்சயதார்த்தத்துக்காகச் சத்தியமங்கலம் போயிருந்தபோது கிடார்க்காரரிடமிருந்து மெசேஜ் வந்தது. கடைசிப் பாட்டு முடிந்த பிறகு ஒரு சத்தம் வருகிறதாம். ஒருத்தர் கேட்டுவிட்டுச் சொன்னாராம். நீங்க கேட்டீங்களா, வேண்டாம்னா எடுத்துப்போட்டு வேற ஃபைல் மாத்திடலாங்க என்று எழுதியிருந்தார். இதை எதற்கு என்னிடம் கேட்கிறார் என்று எரிச்சலாக வந்தது. ஆல்பத்தில் நான் நன்றி தெரிவிக்கப்பட்டவள்தானே?

விருந்து முடிந்து எல்லோரும் மாடி ஹாலில் ஜமுக்காளத்தை விரித்துச் சாய்ந்திருந்தார்கள். ஃபேன் சத்தம் மட்டும். நான் ஓர் ஓரமாகச் சுவரில் சாய்ந்து இயர்போனை மாட்டிக் கடைசிப் பாட்டைப் போட்டேன். அந்தப் பெண் பாடினாள். சொன்ன மாதிரியே நான் மூச்சு விடுகிற இடத்தில் மூச்சு விட்டாள். என்னைவிடச் சுத்தமாகவே பாடினாள். அதைச் சொல்லிவிட வேண்டும். போயிட்டு வாரேனுங்க என்று கடைசித் தடவை சொல்லி நிறுத்தினாள். கிடார் ஓய்ந்தது. அப்புறம் அமைதி.

அமைதிக்குள் ரொம்பச் சன்னமாக ஒரு முனகல் வந்தது. பக்கத்து வீட்டு ரேடியோ என்று நினைத்து இயர்போனைக் கழற்றிப் பார்த்தேன். இல்லை. மறுபடி மாட்டிச் சத்தத்தை முழுசாக வைத்தேன். யாரோ பாட்டு முடிந்ததைக் கவனிக்காமல் மெட்டை மட்டும் முனகிக்கொண்டு போகிறார்கள். நான்தான். அவள் தலையில் மாட்டியிருந்த ஹெட்போனிலிருந்து கைடு கசிந்து மைக்கில் விழுந்திருக்கிறது. அவள் பாடும்போது அவள் குரல் அதை மூடிவிட்டது. அவள் நிறுத்திவிட்டாள், நான் நிறுத்தவில்லை. முனகல் முடிந்தது. ஒரு சிரிப்பு. அப்புறம் பட்டாணி அளவுக்குச் சின்னதாக, ஆனால் தெளிவாக என் குரல் கேட்டது.

"இன்னொருக்கா பாடட்டுங்களா?"

அதோடு ஆல்பம் முடிகிறது.

எத்தனை தடவை போட்டுக் கேட்டேன் என்று தெரியாது. ஏன் கண்ணு முகம் இப்படி இருக்குது, வயிறு ஏதாச்சும் பண்ணுதா என்று அம்மா எழுந்து வந்து கேட்டார். தலையை ஆட்டினேன். பெரிய கம்பெனி போட்டிருந்தால் ஒரு இஞ்சினியரை உட்காரவைத்து அந்த இடத்தை வழித்து எடுத்திருப்பார்கள். மறுபடி வேறு ஹெட்போனில் பாடவைத்திருப்பார்கள். எங்களிடம் இருந்தது அந்த ஒரு பிய்ந்த ஹெட்போன்தான். அது போட்ட பிச்சைதான் இது. இதையும் எடுத்துவிட்டால் அந்த ஆல்பத்தில் நான் எங்கேயும் இல்லை.

மறுநாள் நேராகக் கணபதிக்குப் போனேன். பட்டறையில் லேத் ஓடிக்கொண்டிருந்தது. கிடார்க்காரர் கண்ணாடி மாட்டிக்கொண்டு இரும்பைக் கடைந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாங்க, வாங்க, உக்காருங்க, காபி சொல்லட்டுங்களா என்று கத்தினார். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். கேட்கவில்லை. காதுக்குப் பக்கத்தில் கையை வைத்துக் குனிந்தார். மறுபடி சொன்னேன். என் குரல் லேத்துக்கு எதிரே எங்கே நிற்கும்? காபி குடிச்சுட்டுப் பேசலாங்க என்றார். பட்டறைக்காரன் ஓட்டுகிற லேத்தில் அடுத்தவர் கை வைப்பது அசிங்கம். தெரிந்துதான் செய்தேன். நானே போய்ச் சுவிட்சை அணைத்தேன்.

அவர் இரும்பிலிருந்து கையை எடுத்தார்.

"அதை எடுக்க வேண்டாம்," என்றேன்.

"இல்லீங்க, ஏதோ சத்தமாட்ட இருக்குதுன்னு ஒருத்தர்..."

"யாரு?"

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "யாரும் சொல்லலீங்க," என்றார். மிக்சிங்கிலேயே அவர்களுக்குத் தெரியுமாம். அக்கா அதை எடுக்கவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். அவர்களாக வைத்துவிட்டார்கள். கேட்டால் எனக்குச் சங்கடமாக இருக்குமோ, கேட்காவிட்டால் தப்பாகிவிடுமோ என்று இத்தனை நாள் யோசித்துக் கடைசியில் இப்படி ஒரு ஆளைக் கற்பனை பண்ணிக்கொண்டு மெசேஜ் அனுப்பியிருக்கிறார். வந்தது பாருங்கள் எனக்குக் கோபம்.

"வேற ஆளு பாடறது எனக்குப் புடிக்கலை. நீங்க ஆப்பிள் வாங்கிட்டு வந்தீங்களே, அன்னைக்கே புடிக்கலை." தொண்டை கிழிந்தது. நிறுத்தவில்லை. "அந்தக் கைடையே போட்டிருக்கோணும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க நிறுத்தியிருப்போமுங்க," என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு.

"இன்னொருக்கா கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அவர் நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது. கையெல்லாம் கிரீஸ், துடைக்கவும் முடியவில்லை. எடுக்க மாட்டோமுங்க, அப்படியே இருக்கட்டுங்க என்றார். நான் காபி வேண்டாம் என்றேன். அவர் மறுபடி கேட்டார். நிஜமாகவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

தொண்டை நன்றாக வலித்தது. ஸ்கூட்டியைக் கிளப்பிச் சத்தியமங்கலம் ரோட்டில் ஏறினேன். மேம்பால வேலைக்காக ஒரு பக்கம் அடைத்திருந்தார்கள். வண்டியெல்லாம் நின்றுகொண்டிருந்தது. ஹெல்மெட்டுக்குள்ளேயே அழ ஆரம்பித்தேன். பக்கத்தில் பைக்கில் இருந்தவர் என்னங்க ஆச்சு என்று கேட்டார். ஒன்றுமில்லைங்க என்றேன். அவர் விடவில்லை, மறுபடியும் கேட்டார்.